சிசுவின் வயிறும் நமது கடமையும்

பேசத் தெரிந்தவனுடைய நோயை அவன் வாயே வைத்தியருக்குச் சொல்லிவிடுகிறது. பிறந்து பத்து நாளான சிசுவின் குடலில் அபாயம் நேர்ந்தால் அதைச் சொல்ல அதற்கு வாயில்லை. குறைமாதத்தில் பிறந்ததாயின் உரக்க அழுவதற்கும் அதனிடம் பலமில்லை. பிறர் ஒருவர் பார்த்து, உணர்ந்து, உரிய இடத்தில் உரிய காலத்தில் எடுத்துச் சொன்னாலன்றி அந்தக் குழந்தைக்குக் கதியில்லை. அவ்விதம் பார்க்க வேண்டியவர் யார்? பார்ப்பதற்கு அவருக்கு இடமும் அவகாசமும் நாம் அளித்திருக்கிறோமா? இக்கேள்விகளையே இன்று வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். இது வைத்தியர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆஸ்பத்திரியின் விதிகளும், சர்க்காரின் செலவுத் திட்டமும், வீட்டுப் பெரியோர்களின் பழக்கமும் சேர்ந்து ஒரு சிசுவின் உயிரைத் தீர்மானிக்கும்போது, அது பொதுஜனங்களின் விஷயமாகிவிடுகிறது.

2020ஆம் வருஷத்தில் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் மாதம் நிறையாமல் பிறந்தன என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அவற்றுள் சுமார் 30 லட்சம் பிறந்தது நமது தேசத்தில். வேறெந்தத் தேசத்திலும் இத்தனை குறைமாதப் பிரசவங்கள் இல்லை. முற்காலத்தில் இத்தகைய குழந்தைகளிற் பல, மூச்சுவிடத் திணறி முதல் நாளிலேயே மாண்டன. இன்று இன்குபேட்டர் பெட்டியும், பிராணவாயுவும், நுரையீரலை விரியச் செய்யும் மருந்தும் வந்துவிட்டபடியால் அவற்றிற் பல அந்த முதற் கண்டத்தைத் தாண்டுகின்றன. தாண்டிய பின்னர் அவற்றுக்காகக் காத்திருக்கும் இரண்டாவது கண்டம் குடலில் இருக்கிறது.

வைத்திய சாஸ்திரிகள் நெக்ரோடைஸிங் என்டெரோகோலைடிஸ் என்றழைக்கும் அந்நோயை நாம் குடல் அழுகல் நோய் என்றே சொல்லலாம். முற்றும் வளராத குடலின் உட்சுவர் வீங்குகிறது. கிருமிகள் அச்சுவரினுள் புகுகின்றன. அப்பகுதி ரத்த ஓட்டமிழந்து செத்துப் போகிறது. முற்றிய நிலையில் குடல் பொத்துக்கொண்டு, உள்ளிருப்பது வயிற்றறையில் பரவுகிறது. 1500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 குழந்தைகளை இந்நோய் பீடிக்கிறதென்று வட அமெரிக்காவில் எடுத்த கணக்குகள் கூறுகின்றன. பீடிக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 20 முதல் 30 வரை மாண்டுபோகின்றன. ரண சிகிச்சை செய்தாக வேண்டிய நிலையை அடைந்தவற்றுள் மரணம் இதனினும் அதிகம். பிழைத்தவற்றிலும் சில, குடலின் பெரும்பகுதியை இழந்து, உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல் வருஷக்கணக்கில் அவதியுறுகின்றன.

இந்நோய் பெரும்பாலும் பிறந்தவுடன் வருவதன்று. மிகவும் முன்கூட்டிப் பிறந்த சிசுக்களுக்கு இது இரண்டாவது வாரத்திலோ மூன்றாவது வாரத்திலோ, சிற்சில சமயம் அதற்கும் பின்னரோ வருகிறது. குழந்தை பிழைத்துவிட்டது, பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்று எல்லோரும் ஆறுதலடைந்திருக்கும் வேளையில் இது புகுகிறது. நேற்றுவரை செரித்த பால் இன்று வயிற்றிலேயே தங்குகிறது. வயிறு சற்றே உப்புகிறது. குழந்தை வழக்கத்தினும் சோர்ந்து கிடக்கிறது. உடம்பின் சூடு நிலைகொள்ளாமல் ஏறி இறங்குகிறது; மூச்சு இடையிடையே நின்று பின் தொடர்கிறது. பின்னர் வாந்தி பச்சையாகிறது. மலத்தில் ரத்தம் காண்கிறது. இந்த முதற் குறிகளுக்கும் குடல் பொத்துப் போவதற்கும் இடையில் சில சமயம் ஒரு நாள் இருக்கிறது. சில சமயம் சில மணி நேரமே இருக்கிறது. அந்த இடைவெளியில் பாலை நிறுத்தி, வயிற்றிலுள்ள காற்றைக் குழாய் மூலம் வெளியேற்றி, கிருமிநாசினி மருந்துகளை ரத்தத்திற் செலுத்தி, எக்ஸ்ரே படம் எடுத்துக் கவனித்து வந்தால் பல குழந்தைகள் கத்தியின்றியே தேறிவிடுகின்றன.

ஆயின் முதற் குறிகள் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு இடமானவை என்பதை மறைப்பதற்கில்லை. வயிறு உப்பிய குறைமாதக் குழந்தைகளிற் பெரும்பாலானவற்றுக்கு இந்நோய் இல்லை. 1978ஆம் வருஷத்தில் பெல் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் இந்நோயை மூன்று படிகளாக வகுத்தபோது, முதற்படிக்குச் சந்தேக நிலை என்றே பெயரிட்டார்கள். ஆரம்பத்திலேயே இதை ஐயமற நிச்சயிக்கும் ரத்தப் பரிசோதனை இன்றளவும் நம் கையில் இல்லை. குடற் சுவரினுள் காற்றுப் புகுந்திருப்பதை எக்ஸ்ரே காட்டிவிட்டால் சந்தேகம் தீரும். அது காட்டும்பொழுது நோய் இரண்டாம் படியில் ஏறிவிட்டது. அச்சத்தினால் உப்பிய வயிற்றுக்கெல்லாம் பாலை நிறுத்திவிடலாமெனில், அதுவும் தீங்கே. வளர வேண்டிய குழந்தை பட்டினியால் மெலியும். நரம்பு வழியே ஏற்றும் உணவினால் வேறு கிருமிகள் புக வழியுண்டாகும். ஆகவே அலட்சியமும் ஆகாது. மிதமிஞ்சிய பயமும் ஆகாது.

இவ்விரண்டுக்கும் நடுவே வழிகாட்டுவது மாறுதலைக் கவனித்தல் ஒன்றே. இந்த வயிறு பெரிதா சிறிதா என்று ஒரு முறை பார்த்துச் சொல்வது கடினம். நேற்று மாலை இருந்ததைவிட இன்று காலை பெரிதாயிருக்கிறது என்று சொல்வது எளிது; அதுவே பயனுள்ளது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நேற்று மாலையும் அங்கே இருந்திருக்க வேண்டும். நமது ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் எட்டு மணிக்கொருமுறை மாறுகிறார். இரவு டாக்டர் வேறு, பகல் டாக்டர் வேறு. ஒரு நர்ஸின் பொறுப்பில் பத்துச் சிசுக்களை ஒப்படைத்தால், அவர் எத்துணை கருணையும் திறமையும் உடையவராயினும் பத்து வயிறுகளின் நேற்றைய நிலையை மனத்தில் வைத்திருத்தல் இயலாது. முறை மாறாமல், வேறெந்தக் குழந்தையின் கவலையுமின்றி, அந்த ஒரு சிசுவையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடியவள் ஒருத்தி உண்டு. அவள் அதன் தாய். அவளையோ பல ஆஸ்பத்திரிகளில் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில் உட்கார வைத்திருக்கிறோம்!

இப்படிச் சொன்னால், தாயை உள்ளே விட்டால் கிருமியும் உடன் வருமே என்று ஆட்சேபிப்பார்கள். நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த இந்த ஆட்சேபத்துக்கு 2021ஆம் வருஷத்தில் தக்க விடை கிடைத்திருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்னும் ஐந்து தேசங்களில் ஒரு பெரும் ஆராய்ச்சி நடந்தது. நமது தேசத்தில் அது நடந்த இடம் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1000 முதல் 1799 கிராம் வரை எடையுள்ள 3211 சிசுக்களை அவர்கள் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரைப் பிறந்ததிலிருந்தே, உடல்நிலை தேறுமுன்னரே, தாயின் மார்போடு சேர்த்து வைத்தார்கள். தாயும் சேயும் ஒரே தீவிர சிகிச்சைக் கூடத்தில் இருந்தார்கள். மற்றப் பிரிவினரைப் பழைய வழக்கப்படி தனியே வைத்து, உடல்நிலை சீரான பின்னரே தாயிடம் கொடுத்தார்கள். தனியே வைக்கப்பட்டவற்றில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 மாண்டன, தாயோடு இருந்தவற்றில் 12. ரத்தத்தில் கிருமி பரவியதாகச் சந்தேகிக்கப்பட்டவையும் தாயோடிருந்த பிரிவிலேயே குறைவு. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபடியால், எண்ணியிருந்த தொகை நிரம்புமுன்னரே ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். தாயைக் கிருமியின் வாகனமென்று ஒதுக்கி வைத்த கொள்கைக்கு இனி ஆதாரமில்லை.

படிப்பறிவில்லாத பெண் எதைக் கண்டுபிடிப்பாள் என்று கேட்பாரும் உளர். அவர்கள் மகாராஷ்டிரத்துக் காட்சிரோலி ஜில்லாவைப் பற்றி அறிந்திருக்க மாட்டார்கள். காடுகளும் பழங்குடி மக்களும் நிறைந்த அந்த ஜில்லாவில் அபய் பங், ராணி பங் என்ற வைத்தியத் தம்பதிகள் 39 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, சொற்பப் படிப்பே உடைய கிராமப் பெண்களுக்குச் சிசுக்களைக் கவனிக்கும் முறையைக் கற்பித்தார்கள். கிருமி நோயின் அறிகுறிகளென அவர்கள் வகுத்த சிலவற்றுள் பால் குடிப்பது குறைதல், அழுகை தளர்தல், கைகால் துவளுதல், உடம்பு சில்லிடுதல் என்பவற்றோடு, வாந்தியும் வயிற்று உப்பிசமும் சேர்ந்திருந்தன. இரண்டு குறிகள் ஒருங்கே கண்டால் உடனே சிகிச்சை தொடங்கினார்கள். மூன்றாவது வருஷத்தில் அக்கிராமங்களில் சிசு மரணம், ஒப்பிட்டுப் பார்த்த மற்றக் கிராமங்களைக் காட்டிலும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்துவிட்டது. 1999ஆம் வருஷத்தில் லண்டன் லான்செட் சஞ்சிகையில் இவ்விவரம் வெளியானபோது உலகம் வியந்தது. 2011ஆம் வருஷத்தில் நமது மத்திய சர்க்கார் தேச முழுவதற்கும் கொண்டு வந்த வீட்டுச் சிசு பராமரிப்புத் திட்டத்துக்கு இதுவே முன்மாதிரி. கல்வியில்லாமை கண்ணில்லாமை ஆகாது என்பதை நமது தேசத்துப் பெண்களே மெய்ப்பித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இயந்திரங்களை நாம் குறைகூறவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா சர்வகலாசாலையில் தோன்றிய ஓர் உபகரணம், சிசுவின் இருதயத் துடிப்பில் நேரும் நுண்ணிய மாறுதல்களைக் கணித்து, அபாயம் நெருங்குவதை முன்கூட்டியே ஓர் எண்ணாகக் காட்டுகிறது. 9 ஆஸ்பத்திரிகளில் 3003 குழந்தைகளைக் கொண்டு நடத்திய பரீட்சையில், அந்த எண் வைத்தியர்களுக்குக் காட்டப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 8.1 மாண்டன, காட்டப்படாதவற்றில் 10.2. 2011ஆம் வருஷத்தில் வெளியான இம்முடிவு மதிக்கத்தக்கதே. ஆயினும் எண் ஏறியவுடன் படுக்கையண்டை வந்து, குழந்தையின் ஆடையை விலக்கி, வயிற்றைப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். அவர் இல்லாத கூடத்தில் அவ்வெண் சுவரில் மாட்டிய சித்திரத்துக்குச் சமானம். உபகரணம் வாங்கப் பணம் ஒதுக்கும் சர்க்கார், நர்ஸுகளை நியமிக்கவும் பணம் ஒதுக்குமாக.

மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளுக்கும் குடலில் அபாயங்கள் உண்டு. குடல் பிறவியிலேயே தன் இடத்தில் சரிவரப் பொருந்தாதிருந்தால் அது முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கிய குடலுக்கு ரத்தம் செல்லாது. சில மணி நேரத்தில் சிறுகுடல் முழுவதும் செத்துவிடும். இதன் முதற் குறி பச்சை நிற வாந்தி. பித்தநீர் மஞ்சள் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் பெற்றோர்களிடமும் வைத்தியர்களிடமும் நிறச் சதுரங்களைக் காட்டி விசாரித்த ஆராய்ச்சி 2006ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. அங்கும் பலர் மஞ்சளையே சுட்டினார்கள். பிறந்த சிசு பச்சையாக வாந்தியெடுத்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரையில் குடல் அடைபட்டிருப்பதாகவே கருதி, அந்த க்ஷணமே ரண சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் தகாது.

இரண்டாவது குறி மலம் கழியாமை. ஆரோக்கியமான குழந்தை பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சையான முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரமாகியும் கழியவில்லையெனில் காரணத்தைத் தேடியாக வேண்டும். பெருங்குடலின் முடிவில் நரம்பணுக்கள் இல்லாமற் பிறக்கும் குழந்தைகள் உண்டு. கோபன்ஹேகன் நகர வைத்தியர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886ஆம் வருஷத்தில் விவரித்த இந்நோய், 5000 குழந்தைகளுக்கு ஒன்று வீதம் காணப்படுகிறது. காலத்தில் அறிந்தால் ரண சிகிச்சையால் குணமாகும். அறியாவிடில் குடல் வீங்கிக் கிருமி பரவி உயிருக்கே இறுதியாகும். மூன்றாவது, ஆசனவாய் திறவாமற் பிறத்தல். இதுவும் ஏறக்குறைய அதே அளவில் நேர்வது. இதைக் கண்டுபிடிக்க இயந்திரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். பிரசவ அறையில் குழந்தையைத் திருப்பி ஒரு முறை பார்த்தால் போதும். அப்படியிருந்தும் இது பார்க்கப்படாமல் வீட்டுக்கனுப்பப்பட்டு, வயிறு வீங்கிய பின்னர் திரும்பி வரும் குழந்தைகள் உண்டு என்பது வெட்கத்துக்குரியது.

நமது வீடுகளில் சிசுவின் வயிறு உப்பினால் மாந்தம் என்பார்கள். வசம்பைச் சுட்டு உரைப்பதும், விளக்கெண்ணெய் புகட்டுவதும், தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்வதும் வழக்கம். நம் முன்னோரின் வைத்திய முறைகளைப் பழிப்பது நமது நோக்கமன்று. குழந்தையின் வயிற்றை நாள்தோறும் தடவிப் பார்த்து, கல்லாயிருக்கிறது, இளகியிருக்கிறது என்று சொல்லும் பாட்டியின் கை ஒரு நல்ல பரிசோதனைக் கருவி. அந்தக் கை கண்டறிந்ததை உரைகல்லுக்குக் கொண்டு செல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டுமென்பதே நமது வேண்டுகோள். ஒரு மாதம் நிரம்பாத குழந்தையின் வயிறு வீங்கி, அது பாலை மறுத்தால், மாந்தம் என்ற பெயரிட்டு ஒரு பகலை இழத்தல் குடலையே இழத்தலாகலாம்.

நோயைக் காலத்தில் காண்பது ஒருபுறமிருக்க, வராமற் காப்பதில் தாய்ப்பாலுக்கு நிகர் வேறில்லை. பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு லூகாஸ், கோல் என்ற இருவர் செய்த ஆராய்ச்சி 1990ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. புட்டிப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோய், தாய்ப்பால் மட்டும் பெற்றவற்றைக் காட்டிலும் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்ததென அது காட்டிற்று. அதற்கு முந்தின வருஷமாகிய 1989இலேயே பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் நமது தேசத்தின் முதல் தாய்ப்பால் வங்கி ஏற்பட்டுவிட்டது. தமிழ்நாட்டிலும் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இத்தகைய வங்கிகள் நடைபெறுகின்றன. 1992ஆம் வருஷத்துச் சட்டம் புட்டிப்பால் விளம்பரத்தைத் தடுத்திருக்கிறது. இவை யாவும் நன்றே. ஆயினும் தாய் அருகிலிருந்தாலன்றித் தாயின் பால் தொடர்ந்து சுரப்பது அரிது. நோயைத் தடுக்கும் பாலும், நோயை முதலில் காணும் கண்ணும் ஒருத்தியிடமே இருக்க, அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்துவது எவ்வகை நியாயம்?

நாம் கேட்பவை புதுமையானவையல்ல. சிசு பராமரிப்பில் குடும்பத்தினரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று 2017ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது காகிதத்தில் உறங்காமல் ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் நடைமுறைக்கு வர வேண்டும். அதற்குத் தாய்க்குப் படுக்கையும் சோறும் வேண்டும். ஜனனி சிசு சுரக்ஷா என்ற பெயரில் 2011ஆம் வருஷத்தில் ஏற்பட்ட திட்டம், பிரசவித்தவளுக்குச் சாதாரணப் பிரசவமாயின் 3 நாளும், ரண சிகிச்சைப் பிரசவமாயின் 7 நாளும் இலவச உணவு அளிக்க வகை செய்தது. குறைமாதச் சிசுவின் குடலுக்கு அபாயம் வருவதோ இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துப் பெண் அத்தனை நாள் எதை உண்டு அங்கிருப்பாள்? குழந்தை இருக்கும் வரையில் தாய்க்கும் சோறு என்பது எங்கும் விதியாக வேண்டும். இதற்காகும் செலவு, குடல் இழந்த ஒரு குழந்தையைக் காப்பாற்ற ஆகும் செலவின் முன் அற்பமானது.

இரண்டாவதாக, தாய்க்கு இக்குறிகளைத் தெளிந்த தமிழில் கற்பிக்க வேண்டும். வயிற்று உப்பிசம், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், பாலை மறுத்தல், சோர்வு என்னும் ஐந்தையும் படத்துடன் எழுதிச் சிசு வார்டின் சுவரில் தொங்கவிடுவது பெரிய காரியமன்று. பச்சை என்பது எந்தப் பச்சை என்று வர்ணத்திலேயே காட்ட வேண்டும். மூன்றாவதாக, தாய் சொன்னதைக் கேட்க வேண்டும். ஒன்றுமில்லை, போம்மா என்ற ஒரு சொல்லால் எத்தனையோ தாய்மார் வாய் மூடிப் போயிருக்கிறார்கள். வயிறு வீங்கியிருக்கிறது என்று தாய் சொன்னால், அச்சொல்லும் அது சொல்லப்பட்ட மணியும் குழந்தையின் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். டாக்டர் வந்து பார்த்த மணியும் அதன் கீழ் பதிவாக வேண்டும். நான்காவதாக, இரவிலும் எக்ஸ்ரே எடுக்க ஆள் வேண்டும். சிசுக்களுக்கு ரண சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டிச் சொல்லியனுப்பி, தக்க ஆம்புலன்ஸில் ஏற்றும் ஏற்பாடு வேண்டும். பார்த்தறிந்த பின் செய்வதற்கு வழியில்லையேல் பார்த்ததினால் துயரமே மிஞ்சும்.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடைபெறுகின்றன. இது நாம் பெருமைப்படத்தக்க சாதனை. இதனால் நமது பொறுப்பும் பெருகியிருக்கிறது. குடிசையில் பிறந்த குழந்தை இறந்தால் அறியாமையின் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொண்ட காலம் போய்விட்டது. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தையும் படித்த டாக்டர், பயின்ற நர்ஸ் ஆகியோரின் கண்முன் பிறக்கிறது. அதன் ஆசனவாய் பார்க்கப்பட்டதா, முதல் மலம் கழிந்ததா, நேற்றைய வயிறும் இன்றைய வயிறும் ஒப்பிடப்பட்டனவா என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமையுண்டு. விடை சொல்ல ஆஸ்பத்திரிக்குக் கடமையுண்டு. வாசகர்களில் எவர் வீட்டிலேனும் பிரசவம் நேர்ந்தால் இம்மூன்று கேள்விகளையும் தயக்கமின்றிக் கேளுங்கள். சர்க்கார் தன் பங்குக்கு, தாய்மார் உட்கார்ந்திருக்கும் தாழ்வாரத்தின் கதவை இனியும் தாமதியாமல் திறந்துவிடட்டும்.